பாரிஸ்டரின் அட்லாஸ்

சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் பூகோள பாடம் நடத்திக் கொண்டிருந்தோம். சுவரில் மாட்டியிருந்த படத்தில் ஐரோப்பாவின் வடகோடியைப் பிரம்பினால் சுட்டிக் காட்டி, பாரன்ட்ஸ் கடல், நோவயா ஸெம்லியா, ஆர்க்கேஞ்சல் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கொண்டு வந்தோம். கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மிகவும் மரியாதையாகவே கேட்டான்: "ஸார், அந்த ஊர்களுக்கெல்லாம் நாம் போகப் போவதில்லை. போனாலும் வழி காட்டுவதற்கு டெலிபோன் இருக்கிறது. அப்படியிருக்க, இதை எதற்காக ஸார் படிக்க வேண்டும்?"

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. பதில் தெரியாத உபாத்தியாயர்கள் எல்லோரும் என்ன செய்வார்களோ, அதையே நாமும் செய்தோம். "உட்கார்!" என்றோம். பையன் உட்கார்ந்துவிட்டான். கேள்வி மட்டும் உட்காரவில்லை. சாயங்காலம் வீடு திரும்பும் வரையில் அது நம்முடன் கூடவே நடந்து வந்தது.

இரவு சாப்பாடான பிறகுதான், பல வருஷங்களுக்கு முன் படித்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு மீன் பிடிக்கும் கப்பல் வருகிறது. ஒரு பாரிஸ்டர் வருகிறார். நம்முடைய பள்ளிக்கூடத்துப் பையன்கள் வைத்திருப்பதைக் காட்டிலும் சற்றே பெரிதான ஓர் அட்லாஸும் வருகிறது. மறுநாள் அந்தப் பையனுக்குச் சொன்ன கதையையே இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். கதை என்று சொன்னாலும் இதில் கற்பனை ஏதுமில்லை, முழுவதும் சரித்திரம்.

மீனை விட்டு மனிதனைப் பிடித்த கப்பல்

இங்கிலாந்தின் கீழ்க்கரையில் ஹல், கிரிம்ஸ்பி என்று இரண்டு துறைமுகங்கள் உண்டு. அங்கிருந்து புறப்படும் மீன்பிடி கப்பல்களுக்கு 'டிராலர்' என்று பெயர். பெரிய பை போன்ற வலையைக் கடலின் அடித்தளம் வரையில் இறக்கி, இழுத்துக் கொண்டே போவதால் அந்தப் பெயர். ஐஸ்லாந்துக்கு அப்பாலும், நார்வேக்கு வடக்கேயும், பனிக்கட்டி மிதக்கும் கடல்களில் மாதக்கணக்காக அலைந்து திரிய வேண்டியவை ஆகையால், அந்தக் கப்பல்களை அளவில் சிறியவையாயினும் உறுதியில் பெரியவையாகக் கட்டியிருந்தார்கள். பெரிய யுத்தக் கப்பல்கள் தத்தளிக்கும் புயலிலும் அவை மரக்கட்டை போல் அலையின் மீது ஏறி இறங்கிப் பிழைத்துக் கொள்ளும்.

1939-ஆம் வருஷத்தில் யுத்தம் மூண்டதும், பிரிட்டிஷ் கடற்படையினர் இத்தகைய டிராலர்களை நூற்றுக்கணக்கில் எடுத்துக் கொண்டார்கள். வலைகளை இறக்கிவிட்டு, முன்புறத்தில் ஒரு பீரங்கியை ஏற்றினார்கள். பின்புறத்தில் ஆழ்நீர் வெடிகளை அடுக்கினார்கள். மீனைக் கொட்டி வைக்கும் அறையைத் துப்புரவு செய்து, மாலுமிகள் படுத்துறங்கும் அறையாக மாற்றினார்கள். எவ்வளவு கழுவினாலும் மீன் நாற்றம் போகவில்லை என்று மாலுமிகள் குறைப்பட்டுக் கொண்டால் அதில் ஆச்சரியமில்லை.

இந்தக் கப்பல்களின் வேலை, சரக்குக் கப்பல்கள் கூட்டமாகச் செல்லும்போது கூடவே சென்று, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களிடமிருந்து அவற்றைக் காப்பது. அதற்கு இவர்களிடம் இருந்த முக்கியமான கருவிக்கு 'ஆஸ்டிக்' என்று பெயர். கப்பலின் அடியிலிருந்து ஓர் ஒலியைத் தண்ணீருக்குள் அனுப்புவார்கள். எதிரே ஏதாவது பொருள் இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்பும். ஒரு மாலுமி காதில் குழாயை மாட்டிக் கொண்டு, அந்த எதிரொலி வருகிறதா என்று மணிக்கணக்காகக் கேட்டுக் கொண்டே இருப்பான். வந்தால், கப்பல் அந்த இடத்தை நோக்கி விரையும். பீப்பாய் போன்ற ஆழ்நீர் வெடிகளைத் தள்ளிவிடுவார்கள். ஒவ்வொன்றிலும் சுமார் 300 ராத்தல் வெடிமருந்து. தண்ணீரின் அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்கு வந்ததும் அது தானே வெடிக்கும்.

கேட்பதற்கு இது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் டிராலரின் வேகம் மணிக்கு 11 அல்லது 12 கடல் மைல். நீர்மூழ்கிக் கப்பலோ தண்ணீரின் மேல்மட்டத்தில் வந்துவிட்டால் 17 கடல் மைல் ஓடும். முயலைத் துரத்தும் ஆமையின் நிலைமைதான். மேலும், மெதுவாகச் செல்லும் கப்பல் குறைந்த ஆழத்தில் வெடிக்கும்படி வெடியைப் போட்டால், அது எதிரியைத் தாக்குகிறதோ இல்லையோ, போட்டவனுடைய கப்பலின் வாலை நிச்சயமாகப் பதம் பார்த்துவிடும்.

இந்தச் சின்னஞ்சிறு கப்பல்களை எங்கெங்கெல்லாமோ அனுப்பினார்கள். 1942-ஆம் வருஷத் துவக்கத்தில் அமெரிக்கக் கரையோரத்தில் கப்பல்கள் கணக்கின்றி மூழ்கத் தொடங்கியபோது, இங்கிலாந்து 24 டிராலர்களை அமெரிக்காவுக்கு இரவல் கொடுத்தது. அவற்றில் 'பெட்போர்டுஷயர்' என்பது அவ்வருஷம் மே மாதத்தில் வட கரோலினாக் கரைக்கு அப்பால் டார்ப்பிடோவினால் மூழ்கியது. அதிலிருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. கரை ஒதுங்கிய நால்வரின் உடல்களை ஓக்ரகோக் என்னும் சிறு தீவின் ஜனங்கள் தங்கள் மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள். எங்கிருந்தோ வந்த மாலுமிகளைத் தம் வீட்டுப் பிள்ளைகளைப் போல் புதைத்த அந்தத் தீவு ஜனங்களை நினைக்கும்போது, மனிதர் மீது நமக்குச் சிறிது நம்பிக்கை உண்டாகிறது.

மூன்று செய்திகள்

நம்முடைய கதாநாயகக் கப்பலின் பெயர் 'ஏர்ஷயர்'. 1938-ல் கட்டப்பட்டது. எடை 500 டன்னுக்குச் சற்று மேல். அதன் தலைவர் லியோ கிராட்வெல் என்பவர். 1899-ல் பிறந்தவர், அப்போது வயது நாற்பத்து மூன்று. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் படித்துவிட்டு, லிவர்பூலில் பாரிஸ்டராகத் தொழில் நடத்தியவர். ஓய்வு நாட்களில் பாய்மரப் படகு விடுவதில் பிரியமுள்ளவர். யுத்தம் வந்ததும், தொண்டர் கடற்படையின் லெப்டினென்டாக இந்த மீன் கப்பலைப் பெற்றுக் கொண்டார். அதாவது, கட்சிக்காரர்களை விட்டுவிட்டு மீன்காரர்களைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு அவருக்கு ஏற்பட்டது.

1942 ஜூன் 27-ந் தேதி, ஐஸ்லாந்திலிருந்து 35 வர்த்தகக் கப்பல்கள் ருஷ்யாவை நோக்கிக் கூட்டமாகப் புறப்பட்டன. பி.கியூ. 17 என்பது அந்தக் கூட்டத்தின் அடையாளம். டாங்கிகள், ஆகாய விமானங்கள், லாரிகள், உணவுப் பண்டங்கள் எல்லாம் அவற்றில் நிரம்பியிருந்தன. மறுநாளே, அதாவது ஜூன் 28-ந் தேதி, ஜெர்மன் சேனை தென் ருஷ்யாவில் பெரும் படையெடுப்பைத் தொடங்கியது. ஆகவே அந்தச் சரக்கு எத்தனை அவசியமானது என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

வடதுருவத்தை அடுத்த அந்தக் கடலில் கோடைக் காலத்தில் சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. கவிகளுக்கு இது வர்ணிக்கத் தகுந்த விஷயமாக இருக்கலாம். கப்பல்காரர்களுக்கோ இதைவிடத் துன்பம் வேறில்லை. ஒளிந்து கொள்வதற்கு இருட்டு என்பதே கிடையாது. இருபத்து நான்கு மணி நேரமும் எதிரியின் விமானங்கள் தலைக்கு மேல் வட்டமிடலாம். இதற்கிடையில் இரண்டு கப்பல்கள் பழுதுபட்டுத் திரும்பிவிட்டன. ஜூலை 4-ந் தேதி நடந்த விமானத் தாக்குதலில் மூன்று போயின. ஆயினும் மற்றவை வரிசை குலையாமல், யுத்தக் கப்பல்கள் சூழ, முன்னேறிக் கொண்டிருந்தன. நாசகாரிக் கப்பல்களின் தலைவரான புரூம் என்பவருக்கு, சரக்கைக் கொண்டு போய்ச் சேர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது.

அந்த நம்பிக்கையை லண்டனிலிருந்து வந்த மூன்று செய்திகள் குலைத்துவிட்டன.

நார்வேயில் ஜெர்மானியரின் மிகப் பெரிய போர்க்கப்பலான 'டிர்பிட்ஸ்' காத்திருந்தது. அது புறப்பட்டு வந்தால், நாசகாரிக் கப்பல்களும் டிராலர்களும் அதன் எதிரில் நிற்க முடியாது. அது புறப்பட்டுவிட்டதா, இல்லையா? கடற்படையின் தலைமை அதிபதி ஸர் டட்லி பவுண்டு, உளவுப் பகுதியில் வேலை பார்த்த டென்னிங் என்ற உத்தியோகஸ்தரிடம் இதைக் கேட்டார். புறப்படவில்லை என்பதே டென்னிங்கின் அபிப்பிராயம். புறப்பட்டிருந்தால் இன்னின்ன அறிகுறிகள் தென்பட்டிருக்கும், அவை தென்படவில்லை, ஆகவே அது துறைமுகத்தில்தான் இருக்கிறது என்பது அவருடைய தர்க்கம். ஆனால், "நிச்சயமாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டபோது, நிச்சயம் என்று அவரால் சொல்ல முடியவில்லை. இல்லாத ஒன்றுக்குச் சாட்சி எங்கிருந்து கொண்டு வருவது?

ஜூலை 4-ந் தேதி இரவு 9 மணிக்கு மேல், அரை மணி நேரத்துக்குள் மூன்று உத்தரவுகள் பறந்தன. குரூஸர் கப்பல்கள் அதிவேகமாக மேற்கே திரும்ப வேண்டும் என்பது முதலாவது. சரக்குக் கப்பல்கள் கலைந்து ருஷ்யத் துறைமுகங்களுக்குச் செல்ல வேண்டும் என்பது இரண்டாவது. கூட்டம் சிதற வேண்டும் என்பது மூன்றாவது. சிதறுதல் என்றால், ஒவ்வொரு கப்பலும் தனக்கென்று ஒரு திசையைப் பிடித்துக் கொண்டு, தன் தலைவிதியைத் தானே பார்த்துக் கொள்வது.

மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தவர்களுக்கு, டிர்பிட்ஸின் கொடிமரம் எந்த நிமிஷமும் அடிவானத்தில் தெரியப் போகிறது என்றே தோன்றியது. வர்த்தகக் கப்பல்களின் தலைவரான டௌடிங் முதலில் உத்தரவை நம்பவே இல்லை. புரூம் தம் கப்பலை அருகில் கொண்டு வந்து வாயால் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நாசகாரிக் கப்பல்கள், டிர்பிட்ஸுடன் போரிட்டு மாயப் போகிறோம் என்ற எண்ணத்துடன் மேற்கே சென்றன. ஆனால் டிர்பிட்ஸ் வரவே இல்லை. அது மறுநாள்தான் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது, அன்றிரவே திரும்பிவிட்டது. வர வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. காவலின்றி விடப்பட்ட கப்பல்களை நீர்மூழ்கிகளும் விமானங்களும் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தன. வராத புலிக்குப் பயந்து மந்தையைக் கலைத்தார்கள். கலைந்த ஆடுகளை நரிகள் கொண்டு போயின.

கல்கத்தாவுக்குப் போகாமல் காட்டுக்குப் போனவர்

இப்போது ஏர்ஷயருக்கு வருவோம். தனித்தனியே ஆர்க்கேஞ்சலுக்குச் செல்லவும் என்பதே டிராலர்களுக்குக் கிடைத்த உத்தரவு. வரைபடத்தைப் பார்த்தால், ஆர்க்கேஞ்சலுக்கு நேர் வழி தென்கிழக்கே போகிறது. எல்லோரும் அந்த வழியில்தான் போவார்கள். எதிரியும் அங்கேதான் காத்திருப்பான். கிராட்வெல் பாரிஸ்டர் அல்லவா? எதிர்க்கட்சி வக்கீல் எங்கே நின்று வாதிடுவான் என்பதை முன்கூட்டியே யோசிப்பது அவருடைய தொழில். "எதிரி நம்மைத் தேடாத இடம் எது?" என்று தம்மையே கேட்டுக் கொண்டார். வடக்கே, பனிக்கட்டி நிறைந்த கடல்! புத்தி ஸ்வாதீனத்தில் உள்ள எந்த மாலுமியும் அங்கே போக மாட்டான். ஆகவே அங்கே போவதென்று தீர்மானித்தார்.

கல்கத்தாவுக்குப் போகச் சொன்னால் கரடிக் காட்டுக்குப் போவதா என்று நேயர்கள் கேட்கலாம். கிராட்வெல் கல்கத்தாவை மறக்கவில்லை. உயிருடன் போய்ச் சேருவதற்குக் காட்டு வழியே உத்தமம் என்று கண்டார். அவ்வளவே.

அவர் தனியாகவும் போகவில்லை. சிதறிப் போன கூட்டத்தில் மூன்று சரக்குக் கப்பல்கள் அவருக்கு அகப்பட்டன. 'அயர்ன்கிளாட்', அதாவது இரும்புக் கவசம். 'ஸில்வர் ஸ்வார்டு', அதாவது வெள்ளி வாள். 'ட்ரூபடூர்', அதாவது ஊர் ஊராகத் திரியும் பாணன். முதல் இரண்டும் அமெரிக்கக் கப்பல்கள். மூன்றாவது பனாமா தேசத்துக் கொடி பறக்கவிட்டது. ஒவ்வொன்றும் ஏர்ஷயரைப் போல் பல மடங்கு பெரியது. இவற்றைக் காப்பாற்றும்படி கிராட்வெல்லுக்கு யாரும் அப்போது உத்தரவிடவில்லை. உத்தரவை அப்படியே நிறைவேற்றுகிறவராயிருந்தால், தனியாகப் போயிருக்கலாம். வேகமும் கிடைத்திருக்கும், எதிரியின் கண்ணில் படும் ஆபத்தும் குறைந்திருக்கும். ஆனால், தாம் காவலுக்கு வந்தவர் என்பதை அவர் மறக்கவில்லை. மூன்றையும் அழைத்துக் கொண்டார்.

அடுத்த சங்கடம், வழி தெரியாதது. அந்தப் பிரதேசத்துக்கு உரிய கடற்படங்கள் அவரிடம் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் நட்சத்திர சூரியர்களின் உயரத்தை அளக்கும் ஸெக்ஸ்டன்ட் கருவியும், 'டைம்ஸ் ஹாண்டி அட்லாஸ்' என்ற புஸ்தகமும்தான். ஆழம் எத்தனை பாகம், எங்கே பாறை, எங்கே மணல் என்று சொல்லும் மாலுமிப் படம் அல்ல அது. சாதாரணக் குடும்பங்களில் அலமாரியில் இருக்கும் பூகோளப் படப் புஸ்தகம். அதில் வடதுருவக் கடல் முழுவதும் உள்ளங்கையளவு நீல நிறமாகத்தான் இருக்கும். அதை விரித்து வைத்துக் கொண்டு, அந்தப் பாரிஸ்டர் நான்கு கப்பல்களை நடத்திச் சென்றார்.

வெள்ளை வர்ணம்

பனிக்கட்டிகளை விலக்கிக் கொண்டு சுமார் 20 மைல் உள்ளே சென்றார்கள். அதற்கு மேல் போக முடியவில்லை. நிறுத்தினார்கள். புகை எழுந்தால் வெகுதூரத்துக்குத் தெரியுமாகையால், கொதிகலன்களின் நெருப்பைத் தணித்து வைத்தார்கள். ஆனால், வெண்மையான பனிப் பரப்பில் கரிய கப்பல்கள் நான்கு நின்றால், பாலில் விழுந்த ஈயைப் போல் தெரியுமே! அதற்கும் உபாயம் கிடைத்தது. ட்ரூபடூரில் வெள்ளை வர்ணம் ஏராளமாக இருந்தது. மாலுமிகள் எல்லோரும் தூரிகையும் கையுமாக வேலை செய்து, தெற்கே எதிரி வரும் திசையைப் பார்த்த பக்கங்களுக்கு வெள்ளை பூசினார்கள். வர்ணம் எட்டாத இடங்களில் படுக்கை விரிப்புகளையும் வெள்ளைத் துணிகளையும் போர்த்தினார்கள். சில மணி நேரத்தில் கப்பல்கள் மறைந்து, நான்கு பனிக்குன்றுகள் நின்றன.

இன்னொன்றும் செய்தார்கள். சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் ருஷ்யாவுக்குப் போக வேண்டிய டாங்கிகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் பீரங்கிகளில் குண்டுகளை நிரப்பி, எதிரி வந்தால் சுடுவதற்குத் தயாராக வைத்துக் கொண்டார்கள். தரையில் ஓட வேண்டிய டாங்கி சமுத்திரத்தின் நடுவே காவல் காத்தது.

அந்த இடத்தில் ஏறக்குறைய இரண்டு நாள் காத்திருந்தார்கள். அந்த நேரத்தை மனத்தில் சற்றே கற்பனை செய்து பார்க்க வேண்டும். சூரியன் அஸ்தமிக்கவில்லை. இயந்திரச் சத்தம் இல்லை. கம்பியில்லாத் தந்தி மூலம், சிதறிச் சென்ற மற்றக் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் தாக்கப்படுவதைத் தெரிவிக்கும் அபயக் குரல்கள் அந்தக் கடல் முழுவதும் ஒலித்துக் கொண்டிருந்தன. உதவிக்குப் போக முடியாது. பதில் சொன்னாலும் இருக்குமிடம் வெளிப்பட்டுவிடும். எதிரியோடு போரிடுவதற்கு வேண்டிய தைரியம் ஒருவகை. ஒன்றும் செய்யாமல், வெள்ளைத் துணியின் கீழே உட்கார்ந்து, தோழர்களின் மரண ஓலத்தைக் கேட்டுக் கொண்டு, மனம் கலங்காமல் இருப்பதற்கு வேண்டிய தைரியம் மற்றொரு வகை. இரண்டாவதே அரிது என்று நாம் நினைக்கிறோம்.

ஜெர்மன் விமானங்கள் அவர்களைக் கண்டுபிடிக்கவில்லை. பனி விலகி வழி ஏற்பட்டதும், நான்கு கப்பல்களும் வெளியே வந்து கிழக்கு நோக்கிச் சென்று, நோவயா ஸெம்லியாவின் கரையை அடைந்தன. 'புதிய நிலம்' என்பது அந்தப் பெயருக்குப் பொருள். அவர்களுக்கு அது அப்படித்தான் தோன்றியிருக்கும்! இதற்குள் டௌடிங் ஏறியிருந்த கப்பல் மூழ்கிவிட்டது. 'லோட்டஸ்' என்ற சிறு காவற் கப்பல் அவரைக் கடலிலிருந்து மீட்டது. ஆர்க்கேஞ்சலுக்குப் போய்ச் சேர்ந்த அந்த மனிதர், "அப்பாடா!" என்று உட்கார்ந்துவிடவில்லை. மறுபடியும் காவற் கப்பலில் ஏறி, நோவயா ஸெம்லியாவில் ஒதுங்கியிருந்த கப்பல்களை அழைத்துவரத் திரும்பினார். ஜூலை மாதக் கடைசி வாரத்தில் அயர்ன்கிளாட், ஸில்வர் ஸ்வார்டு, ட்ரூபடூர் மூன்றும் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சின.

கணக்கு

ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்ட 35 வர்த்தகக் கப்பல்களில் 11 மட்டுமே ருஷ்யாவை அடைந்தன. அந்தப் பதினொன்றில் மூன்று, மீன்பிடி கப்பலில் வந்த பாரிஸ்டர் கொண்டு வந்து சேர்த்தவை. உதவிக் கப்பல்களையும் சேர்த்து 24 கப்பல்கள் மூழ்கின. அவற்றுடன் 430 டாங்கிகளும், 210 விமானங்களும், 3,350 வண்டிகளும் கடலின் அடிக்குப் போயின. இவையெல்லாம் மறுபடியும் செய்து கொள்ளக்கூடிய பொருள்கள். செய்து கொள்ள முடியாதது, மாண்டுபோன 153 வர்த்தக மாலுமிகளின் உயிர்.

கிராட்வெல்லுக்குக் கடற்படையின் கௌரவச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது. யுத்தம் முடிந்த பின் லண்டனில் மாஜிஸ்டிரேட்டாக உத்தியோகம் பார்த்து, 1969-ல் காலமானார். ஸில்வர் ஸ்வார்டு மட்டும் அதிர்ஷ்டமில்லாதது. ருஷ்யாவிலிருந்து திரும்பி வரும் வழியில், அதே வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி, டார்ப்பிடோ பட்டு மூழ்கியது. பவுண்டு 1943-ல் காலமானார். புரூமின் துயரம் நெடுநாள் நீடித்தது. 1968-ல் வெளியான ஒரு புஸ்தகம் அந்த நாசத்துக்கு அவரைப் பொறுப்பாளியாக்கியது. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1970-ல் ஜூரிகள் அவருக்கு 40,000 பவுன் நஷ்ட ஈடு வழங்கினார்கள். உத்தரவைக் கேட்டு நடந்தவர், அதற்காக இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பின் கோர்ட்டில் நிற்க நேர்ந்தது. உத்தரவை வளைத்தவர் மாஜிஸ்டிரேட் ஆசனத்தில் அமர்ந்தார். விதியின் விளையாட்டு இப்படியும் இருக்கிறது!

பவுண்டு துரையைத் தூற்றுவது நம் நோக்கமல்ல. டிர்பிட்ஸ் உண்மையிலேயே வந்து, கூட்டமாக நின்ற கப்பல்களையெல்லாம் அழித்திருந்தால், "ஏன் கலைக்கவில்லை?" என்றல்லவா அவரைக் கேட்டிருப்பார்கள்! அவருடைய தவறு வேறு. ஆயிரம் மைலுக்கு அப்பால், ஓர் அறைக்குள் இருந்துகொண்டு, அந்த இடத்தில் இருப்பவனுடைய கண்ணுக்கும் புத்திக்கும் இடம் வைக்காமல் அவர் உத்தரவிட்டார். அந்த உத்தரவுக்குள் தம் புத்திக்குத் தாமே ஓர் இடம் செய்து கொண்டவர் கிராட்வெல்.

பையன் கேட்ட இரண்டாவது கேள்வி

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தோம். பையன்கள் வாயைத் திறந்தபடி கேட்டுக் கொண்டிருந்தார்கள். நமக்கும் சிறிது பெருமையாகத்தான் இருந்தது. "இப்போது தெரிகிறதா, அட்லாஸ் எதற்கென்று?" என்று கடைசிப் பெஞ்சியைப் பார்த்துக் கேட்டோம்.

பையன் மறுபடியும் எழுந்தான். "தெரிகிறது, ஸார். ஆனால் மேலே இருந்து வந்த உத்தரவை மாற்றி நடக்கலாமா, ஸார்? நீங்களே நடப்பீர்களா?"

இந்தத் தடவை நாம் "உட்கார்!" என்று சொல்லவில்லை. நாமே நாற்காலியில் உட்கார்ந்து கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு.

சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் வேலை பார்த்தோம். பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் நடுவே ஒரு காட்டாறு. ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் மேற்கே மலைப்பக்கம் கறுத்து, மத்தியான்னம் முதல் மழை கொட்டியது. தலைமையாசிரியர் லீவில் இருந்தார், பொறுப்பு நம்முடையது. மேலிடத்து அனுமதியின்றிப் பள்ளிக்கூடத்தை முன்னதாக மூடக் கூடாது என்று ஓர் உத்தரவு இருந்தது. அனுமதி கேட்டுத் தகவல் அனுப்பினோம். இரண்டு மணிக்கு ஆற்றில் முழங்காலளவு தண்ணீர். அப்போதே பிள்ளைகளை அக்கரை சேர்த்திருக்கலாம். பதில் வரட்டும் என்று இருந்தோம். நான்கு மணிக்கு, வழக்கம்போல் மணி அடித்து அனுப்பினோம். அதற்குள் ஆறு இடுப்பளவு ஏறிவிட்டது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் இழுத்துக் கொண்டு போயிற்று. ஆடு மேய்த்துக் கொண்டிருந்த ஒரு பெரியவர் மட்டும் கீழ்த்துறையில் இல்லாதிருந்தால், இந்தப் பத்தியை எழுதும் துணிவு நமக்கு இருந்திராது. அவர் தம் கையிலிருந்த துறட்டியை நீட்டிப் பையனைக் கரைக்கு இழுத்தார். அந்தப் பெரியவருக்கு யாரும் உத்தரவு கொடுக்கவில்லை.

பிறகு விசாரணை நடந்தது. நம் மீது குற்றமில்லை என்று எழுதினார்கள். "விதிப்படி நடந்து கொண்டீர்கள்" என்று பாராட்டவும் செய்தார்கள். அந்தப் பாராட்டைக் காட்டிலும் பெரிய தண்டனையை நாம் இதுவரை அடைந்ததில்லை.

பையனுக்கு இதை மறைக்காமல் சொன்னோம். சொல்லிவிட்டு, நமக்குத் தெரிந்த பதிலையும் சொன்னோம். உத்தரவை மீறுவது பெரிய காரியமல்ல. சோம்பேறியும் மீறுவான், கர்வியும் மீறுவான். கிராட்வெல் ஆர்க்கேஞ்சலுக்குப் போகச் சொன்னார்கள் என்பதை ஒரு நிமிஷமும் மறக்கவில்லை; போய்ச் சேர்ந்தும் விட்டார். தமக்குச் சௌகரியமான வழியைத் தேர்ந்தெடுக்காமல், கடினமான வழியைத் தேர்ந்தெடுத்தார். யாரும் ஒப்படைக்காத மூன்று கப்பல்களின் பாரத்தையும் தம் தலையில் ஏற்றிக் கொண்டார். தப்பிப்போயிருந்தால் பழி முழுவதும் தமக்கே என்பதைத் தெரிந்து கொண்டே செய்தார். மீறுகிறவன் சுமையைக் கூட்டிக் கொள்கிறானா, குறைத்துக் கொள்கிறானா என்று பார்த்தால் ஒருவாறு விளங்கிவிடும். ஆற்றங்கரையில் அன்று நாம் சுமையைக் குறைத்துக் கொண்டோம்.

பையன் சிறிது நேரம் நின்றான். ஒன்றும் பேசவில்லை. மணி அடித்தது.

இங்கிலாந்தில் லோஸ்டாப்ட் என்னும் ஊரில், டிராலர்களிலும் அவற்றைப் போன்ற சிறு கப்பல்களிலும் சென்று, கடலையே கல்லறையாகக் கொண்ட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மாலுமிகளின் பெயர்களைப் பொறித்து ஒரு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். யுத்தத்துக்கு முன் அவர்களில் பலர் மீன் பிடித்துப் பிழைத்தவர்கள்.

நேற்று மத்தியான்னம் இடைவேளையின்போது வகுப்புப் பக்கம் போனோம். அந்தப் பையன் தனியாக உட்கார்ந்து, முனை மடிந்து, அட்டை கிழிந்த பழைய அட்லாஸ் ஒன்றை விரித்து வைத்துக் கொண்டிருந்தான். விரல் ஐஸ்லாந்திலிருந்து புறப்பட்டு, வடக்கே வளைந்து, மெதுவாகக் கிழக்கே போய்க் கொண்டிருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான். வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டோம்.